வீட்டுமனைக்குக் கீழே மண் சவப்பெட்டி!
பல்லாவரம் மேட்டில் கல் நட முடியாமல் தவிக்கும் மனைக்காரர்கள்

சென்னை,

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே கிடைக்காத பழைய சாமான் கிடையாது. ஓடாத கடிகாரம், ஒற்றைச் செருப்பு, தாத்தா காலத்து கிராமபோன் எல்லாம் பழைய டிரங்க் ரோடு நெடுகக் கடை பரப்பிக் கிடக்கும். பேரம் பேசி வாங்கி வரலாம்.

ஆனால் அதையெல்லாம் தூக்கி அடிக்கிற பழைய சாமான் பல்லாவரத்தில் தரைக்குக் கீழே இருக்கிறது. அதை விலைக்கு வாங்க முடியாது. அதன் பக்கத்தில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. வைத்தால் ஜெயில்!

அது என்ன? பிணத்தை வைத்துப் புதைத்த மண் பெட்டி. சுமார் 2,300 வருடம் பழையது.

2019-ம் ஆண்டு ஜமீன் பல்லாவரத்தில் மத்திய தொல்லியல் துறையினர் தோண்டிப் பார்த்தபோது இந்தச் சுடுமண் பெட்டி கிடைத்தது. தொட்டி மாதிரி நீளமான உடம்பு. அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். பார்த்தால் கட்டில் மாதிரி இருக்கும். ‘ஈமப்பேழை’ என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். சாதாரணமாகச் சொன்னால் சவப்பெட்டிதான்.

பெட்டி கிடைத்த செய்தி பத்திரிகைகளில் வந்ததும் ஊரே வேடிக்கை பார்த்தது. அந்த மேட்டைச் சுற்றி மனை வாங்கிப் போட்டவர்கள் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

துரைக்குக் கிடைத்த கல்

பல்லாவரத்துக்கு இந்த ராசி புதிதல்ல. 1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்காரர் அங்கே போனார். வயது 28. மண்ணையும் பாறையையும் ஆராயும் அரசாங்க உத்தியோகம். பட்டாளத்து மைதானத்துப் பக்கம் சரளை மண் தோண்டிய குழி ஒன்று இருந்தது. அதில் ஒரு கல்லைப் பொறுக்கினார்.

நீங்களும் நானும் பார்த்திருந்தால் நாயை அடிக்க எடுத்திருப்போம். பூட் துரை உற்றுப் பார்த்தார். இரண்டு பக்கமும் கொத்திக் கொத்திக் கூராக்கிய கல் அது. தானாக உடைந்த கல் அப்படி இருக்காது. மனிதன் செய்த கைக்கோடரி!

இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அந்தக் கல். டெல்லியிலும் கிடைக்கவில்லை, காசியிலும் கிடைக்கவில்லை. நம்ம பல்லாவரத்தில்தான் கிடைத்தது. அதே வருடம் செப்டம்பர் மாதம் பூட்டும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிற அந்த ஊர்க் கல் ஆயுதங்கள் சுமார் 15 லட்சம் வருடம் பழையவை என்று 2011-ல் கணக்குச் சொன்னார்கள்.

கோடரிக்கும் சவப்பெட்டிக்கும் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. கோடரி செய்தவன் இரும்பு, பானை எதையும் அறியாதவன். பெட்டியில் படுத்தவர் ரொம்பப் பிற்காலத்து ஆள். இரும்புக் கத்தி வைத்திருந்தவர், நெல் விளைத்தவர், சட்டி பானையில் சமைத்துச் சாப்பிட்டவர். கிட்டத்தட்ட நம்ம மாதிரி ஆள்.

அந்தப் பிற்காலத்து ஆளையும் ஒரு வெள்ளைக்காரர்தான் முதலில் பார்த்தார். 1880-களின் கடைசியில் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி பல்லாவரம் மலைச் சரிவில் தோண்டி, கால் வைத்த மண் பெட்டியை வெளியே எடுத்தார். அதற்கு ஏறத்தாழ 130 வருடம் கழித்துத்தான் 2019-ல் அதே மாதிரி இன்னொன்று கிடைத்தது. நடுவில் எத்தனை பெட்டி கடைக்காலுக்குள் போயிற்றோ!

வட்டமாகக் கிடக்கும் கற்கள்

செங்கல்பட்டு, காஞ்சீபுரம் பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்களைக் கேட்டால் ‘பாண்டு குழி’ என்பார்கள். பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கிய இடம் என்று ஒரு கதை. ‘மாண்டவர் குழி’தான் அப்படித் திரிந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. இன்னும் சில ஊர்களில் ‘குள்ளர் வீடு’ என்பார்கள். விரல் உயரக் குள்ளர்கள் குடியிருந்த வீடாம்!

குள்ளரும் இல்லை, பாண்டவரும் இல்லை. அவை கல்லறைகள்.

பெரிய பெரிய உருண்டைக் கற்களை வட்டமாகப் பதித்திருப்பார்கள். வட்டத்துக்குள் சின்னக் கல்லையும் மண்ணையும் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். அந்த மேட்டுக்குக் கீழேதான் விஷயம். சில இடத்தில் நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு மூடிக்கல் போட்ட அறை. சில அறைகளில் ஒரு பலகையில் வட்டமாக ஓட்டை போட்டிருக்கும். சில இடத்தில் பல்லாவரம் மாதிரி மண் பெட்டி. சில இடத்தில் ஆள் உட்காருகிற மாதிரி பெரிய தாழி.

உள்ளே என்ன இருக்கும்? கொஞ்சம் எலும்பு. முழு உடம்பாக இருப்பதைவிடப் பொறுக்கி எடுத்து வைத்த எலும்பாக இருப்பதுதான் அதிகம். பக்கத்தில் கறுப்பும் சிவப்புமான பானைகள். இரும்புக் கத்தி, ஈட்டி, அம்பு முனை. செத்தவருக்குப் போகிற இடத்தில் பசிக்குமே என்று சாப்பாட்டுச் சட்டி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இன்றைக்கும் படையல் போடுகிற நமக்கு இது புரியாத சங்கதியா? புறநானூற்றில்கூடக் குயவனைப் பார்த்துப் பெரிய தாழியாகச் செய்யச் சொல்லும் பாட்டு இருக்கிறது.

தங்கம் இருக்கும் என்று ராத்திரியில் கடப்பாரையோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வட்டாரத்தில் அப்படித் தோண்டியவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் துருப்பிடித்த இரும்பும் உடைந்த பானையும்தான். அதுவும் புதையல் சட்டத்தில் சேர்ந்தது. 1878-ல் வந்த அந்தச் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதைபொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

மதுராந்தகம் பக்கம் சாணூரில் 1950-லும் 1952-லும் தொல்லியல் துறை தோண்டியது. 1955-ல் அமிர்தமங்கலம். அதே வருடம் தொடங்கிக் குன்னத்தூர். எல்லா இடத்திலும் இதே மாதிரிச் சவக்குழிகள். திருப்போரூர் பக்கத்துச் சிறுதாவூரில் கல்வட்டங்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன.

துரு என்று அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்போடு சேர்ந்த மாதிரிகளைப் பரிசோதித்ததில், கி.மு. 3345 வரை காலம் போகிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அதாவது 5,300 வருடத்துக்கு மேல்! அந்த மாதிரிகள் கிடைத்ததும் இப்படிப் புதைத்த தாழிகளோடுதான். வீடு இடிந்தது, ஊர் அழிந்தது, குடிசை மக்கிப் போனது. சவக்குழி மட்டும் பத்திரமாக நின்றது. அந்தக் காலத்து மனிதன் எப்படி வாழ்ந்தான் என்பதை அவன் செத்த இடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தரிசு நிலமே தொல்லை

இந்தக் கல்லறைகளை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தால் அந்த ஆட்களின் சாமர்த்தியம் தெரியும். நல்ல நஞ்சை நிலத்தில் வைக்கவில்லை. மலை அடிவாரம், ஏரிக்கு மேட்டுப் பக்கம், ஏர் இறங்காத சரளை மேடு. இப்படிப்பட்ட இடமாகப் பார்த்துப் புதைத்தார்கள். விளைகிற மண்ணை உயிரோடு இருப்பவனுக்கு விட்டு, விளையாத மண்ணைச் செத்தவனுக்குக் கொடுத்தார்கள்.

அதனால்தான் இரண்டாயிரம் வருடம் யாரும் தொடவில்லை. உழவனுக்கு அந்த இடம் வேண்டாம்.

இப்போது அதே இடத்துக்குத்தான் கிராக்கி! சரளை மண் வேண்டும் ரோடு போட. பாறை வேண்டும் ஜல்லி உடைக்க. வட்டமாகக் கிடக்கிற உருண்டைக் கல் காம்பவுண்டு சுவருக்கு அழகாகப் பொருந்தும். மேட்டு நிலம் என்றால் மழைத் தண்ணீர் நிற்காது, மனை போட முதல் தரம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேறு இருந்துவிட்டால் கேட்க வேண்டுமா?

ஒரு ஜே.சி.பி. யந்திரம் காலையில் வந்தால் சாயங்காலம் காபி குடிப்பதற்குள் நாலைந்து கல்வட்டம் இருந்த இடம் தெரியாது. லாரி டிரைவருக்கு அது கல். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அங்கே ஒரு பலகைகூட இல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

140 கிரவுண்டு கணக்கு

இனி மனைக்காரர் கதைக்கு வருவோம்.

1958-ம் ஆண்டு மத்திய சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. பழைய சின்னங்களைக் காப்பாற்றும் சட்டம். அதில் 2010-ல் ஒரு திருத்தம் வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டிடமே கூடாது. அதற்கும் அப்பால் 200 மீட்டர் வரை, அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 1992 ஜூன் 16-க்கு முன்னால் கட்டிய பழைய வீடு 100 மீட்டருக்குள் இருந்தால் ரிப்பேர் பார்க்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும். மீறினால் இரண்டு வருடம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டால்தான் உறைக்கும்.

ஒரே ஒரு கல் நிற்கிறது என்று வையுங்கள். அதைச் சுற்றி 100 மீட்டர் வட்டம் போட்டால் ஏழே முக்கால் ஏக்கர். நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 140 கிரவுண்டு! அடுத்த 200 மீட்டரையும் சேர்த்தால் மொத்தம் 70 ஏக்கர் வரை போய்விடும். இது ஒரு கல்லுக்கு. ஒரு மேடு முழுவதையும் சின்னம் என்று அறிவித்தால் மேட்டின் ஓரத்திலிருந்து அளக்க வேண்டும். எத்தனை தெரு அதற்குள் விழும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தாஜ்மகாலுக்கும் 100 மீட்டர். மாமல்லபுரம் கடற்கரைக் கோவிலுக்கும் 100 மீட்டர். பல்லாவரம் மேட்டுக்கும் அதே 100 மீட்டர். தாஜ்மகால் கண்ணுக்குத் தெரிகிறது. மேடு தெரியவில்லை. தெரியாத சாமானுக்காகத் தன் மனையை விட்டுக்கொடுக்கச் சொன்னால், பிராவிடண்டு பண்டு பணத்தைப் போட்டு மனை வாங்கிய குமாஸ்தாவுக்கு வயிறு எரியுமா எரியாதா?

விற்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லை. ஆனால் கட்ட முடியாத மனையை எவன் வாங்குவான்? பாங்கிக்காரன் கடன் கொடுப்பானா? பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, மாடியில் ஓர் அறை போடலாம் என்றால் பிளான் பாஸ் ஆகாது. பல்லாவரத்துக்காரர்கள் இதை எதிர்த்துப் போராட்டம் நடத்தியிருக்கிறார்கள், மனு மேல் மனு கொடுத்திருக்கிறார்கள். அது நியாயமில்லை என்று சொல்ல என்னால் முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. தடை நீங்கட்டும் என்று கேட்ட அதே இடத்தில்தான் 2019-ல் பெட்டி கிடைத்தது. மேட்டில் ஒன்றுமே இல்லை, பழைய பட்டியலில் சும்மா எழுதி வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சு அன்றோடு அடிபட்டுப் போயிற்று. தடை இல்லாமல் இருந்திருந்தால்? அந்தப் பெட்டி ஏதாவது ஒரு செப்டிக் டாங்கிக்குக் குழி வெட்டும்போது கடப்பாரை பட்டு நொறுங்கியிருக்கும்.

அமெரிக்காவில் நடந்த கூத்து

இது நம்ம ஊர்த் தலைவலி மட்டுமல்ல. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் நியூவார்க் என்று ஓர் ஊர். அங்கே சுமார் 2,000 வருடத்துக்கு முன் செவ்விந்தியர்களின் மூதாதையர் மண்ணாலேயே பிரம்மாண்டமான கரைகளை எழுப்பினார்கள். கல் இல்லை, செங்கல் இல்லை, கூடை கூடையாகச் சுமந்து கொட்டிய மண். ஒரு வட்டம் 1,200 அடி குறுக்களவு. வேறோர் இடத்தில் 50 ஏக்கரை வளைத்து எண்கோணம், அதோடு ஒட்டி 20 ஏக்கரில் ஒரு வட்டம். யாரும் அங்கே குடியிருக்கவில்லை. கோட்டையும் அல்ல. வழிபாட்டு இடம்.

என்ன வேடிக்கை என்றால், அந்த எண்கோணம் சந்திரனைப் பார்த்துக் கட்டியது! சந்திரன் உதிக்கும் இடம் வடக்கே தெற்கே தள்ளித் தள்ளிப் போய்த் திரும்ப 18 வருடம் 7 மாதம் ஆகும். அதில் வட கோடிக்குப் போய் உதிக்கும் இடத்துக்கு நேராக அந்தக் கரைகள் அமைந்திருப்பதை, 1982-ல் ஹைவ்லி, ஹார்ன் என்ற இரண்டு பேராசிரியர்கள் எழுதினார்கள்.

அந்த இடத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? கோல்ப் விளையாடினார்கள்! 1910-ல் ஒரு கிளப் குத்தகைக்கு எடுத்தது. 18 குழி. மூதாதையர் கொட்டிய மண் கரையே பந்தாட்டத்துக்குத் தடை. பொதுஜனம் முழு இடத்தையும் சுற்றிப் பார்க்க வருடத்தில் நாலே நாள். மற்ற நாளில் ஓரத்து மேடையில் நின்று எட்டிப் பார்க்கலாம். தங்கள் முன்னோர் கட்டிய இடத்தைப் பார்க்க வந்த செவ்விந்தியருக்கும் அதே கதிதான்.

குத்தகை 2078 வரை எழுதியிருந்தது. நில உரிமை அந்த மாநில வரலாற்றுச் சங்கத்துக்கு. 2018-ல் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. குத்தகை உரிமையைப் பொதுக் காரியத்துக்காக எடுத்துக்கொள்கிறோம், அதற்குப் பணம் தருகிறோம் என்றது. 2022 டிசம்பரில் அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பணம் எவ்வளவு என்பதில் இழுபறி. கிளப் கேட்டதற்கும் சங்கம் சொன்னதற்கும் பல மடங்கு வித்தியாசம். 2024-ல் ராஜியானார்கள், தொகையை வெளியே சொல்லவில்லை. 2025 ஜனவரி 1-ந் தேதி மட்டை, பந்தோடு கிளப் வெளியேறியது. கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன்? கோல்ப் விளையாடிய பணக்காரருக்கு நஷ்டஈடு கிடைத்தது. பல்லாவரத்தில் ஒன்றரை கிரவுண்டு வைத்திருப்பவருக்கு என்ன கிடைத்தது? நஷ்டஈடு பற்றி நம்ம சட்டத்திலும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் மாடி கட்ட முடியவில்லை என்று அதைக் காட்டிப் பணம் வாங்குவது லேசுப்பட்ட காரியமா? வக்கீல் பீசுக்கே மனையை விற்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதல் காரியம் அளப்பது. எந்தச் சர்வே நம்பரில், எத்தனை செண்டில் கல்லறை இருக்கிறது என்பதை மண்ணுக்கு அடியில் பார்க்கிற கருவி வைத்துப் பார்த்துவிடலாம். இந்தக் காலத்தில் அது முடியாத வேலை இல்லை. இருக்கிற இடத்துக்குக் கம்பி வேலி போடு. இல்லாத இடத்தை விட்டுவிடு. இருக்கிற இடத்தில் எவனாவது பட்டா வைத்திருந்தால் பணத்தைக் கொடுத்து வாங்கு, அல்லது வேறு இடத்தில் மனை கொடு. எல்லா ஊருக்கும் ஒரே 100 மீட்டர் என்று கயிறு பிடித்தால் மனைக்காரருக்குக் கல்லறை மேல் ஆத்திரம்தான் வரும். ஆத்திரம் வந்தவர் என்ன செய்வார்? கல் வெளியே தெரிந்தால் ராத்திரியோடு ராத்திரியாக மண்ணைப் போட்டு மூடுவார், அல்லது உடைப்பார். யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

பல்லாவரமாவது பட்டியலில் இருக்கிறது. அது இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே, லே-அவுட் கல் நட்டுக்கொண்டே போகிற செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் பட்டியலுக்கே வராத வட்டங்களை யார் கேட்பது? மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற ஆபீசில், ரோடு எத்தனை அடி, பார்க் எங்கே என்று கேட்கிறார்கள். நிலத்தில் வட்டமாகக் கல் கிடக்கிறதா என்று ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்த்தால் காகிதம் தீர்ந்துவிடுமா?

அந்தப் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்கள் புரோக்கரிடம் பத்திரத்தைக் கேட்பதற்கு முன்னால் காலடியைப் பாருங்கள். ஆள் உயரத்தில் பாதி அளவுக்கு உருண்டைக் கற்கள், பாதி புதைந்து, வட்டமாக நின்றால் சும்மா கிடக்கிற கல் என்று நினைக்காதீர்கள். தொல்லியல் துறைக்கு ஒரு கடுதாசி போடுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், உங்களுக்கும் நல்லது.

பல்லாவரத்து மண் பெட்டி எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எழும்பூர் மியூசியத்துக்குப் போகலாம். ரீ துரை எடுத்தது அங்கே இருக்கிறது. பூட் துரை ஊர் ஊராகப் பொறுக்கிய கற்களும் அங்கேதான் வந்து சேர்ந்தன. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. பல்லாவரம் சந்தை வெள்ளிக்கிழமைதான். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியாது.